சந்தனம் பட்ட ரேடியோ

பிரிக்பீல்ட்ஸில் யார் புதுக் கார் வாங்கினாலும், கோவிலுக்குப் போகும் வழியில் பவுனம்மாள் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நிறுத்துவார்கள். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வருவாள். சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு முதல் பொட்டை வைப்பாள். எலுமிச்சம்பழம், தேங்காய், ஐயர் எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வழக்கத்தை யாரும் கூடிப் பேசி ஏற்படுத்தவில்லை. பக்கத்து வரிசை ராதாகிருஷ்ணன் வாங்கிய பழைய மோரிஸ் டாக்சிக்கு ஒருமுறை தற்செயலாக அவள் பொட்டு வைத்தாள். அந்த டாக்சி ஒரு கீறல் படாமல் பல வருடம் ஓடியது, இரண்டாவது டாக்சியும் வந்து சேர்ந்தது. ராதாகிருஷ்ணன் குடிக்காதவன், நிதானமாக ஓட்டுகிறவன் என்பதெல்லாம் யார் கணக்கிலும் வரவில்லை. பவுனு கை பட்டது, விளங்கியது, அவ்வளவுதான்.

அவளுக்கு இதைத் தவிர வேறு பெருமை கிடையாது. படிப்பு கேரி தீவுத் தோட்டப் பள்ளியில் ஆறாவதோடு நின்றது. பல் கொஞ்சம் எடுப்பு. மாமியார் இருந்தவரை தினம் ஒருமுறை அதை நினைவுபடுத்தாமல் விட்டதில்லை. ஆனால் கடை திறப்பா, வளைகாப்பா, புதுத் தையல் மெஷினா, ஆள் வந்து கூப்பிடும். "பவுனக்கா வந்தாச்சா? அப்ப ஆரம்பிங்க" என்று யாராவது சொல்வார்கள், கூட்டம் விலகி வழிவிடும். அந்த வார்த்தைக்காக முட்டிவலியோடு மூன்று மாடி ஏறுவாள்.

கணவர் சின்னையாவுக்கு இதில் எல்லாம் நம்பிக்கை இல்லை. அவர் தொலைபேசி இலாகாவான தெலிகோமில் டெக்னிசியன். இள வயதில், காட்டுக்குள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலத்தின்போது, சுங்கைபீசி விமானத் தளத்தில் வெள்ளைக்கார ராணுவத்தின் வயர்லெஸ் பட்டறையில் வேலை பார்த்தவர். காட்டுக்கு மேல் தாழப் பறந்து வேவு பார்க்கும் ஆஸ்டர் என்ற சின்ன விமானங்கள் அங்கே நின்றன. குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய உடம்பு, ஒரே எஞ்சின். அவற்றின் ரேடியோவைக் கழற்றிப் பூட்டிய சில வருடங்களைத்தான் அவர் வாழ்க்கை என்று நினைத்தார். கல்யாணம், பிள்ளை, உத்தியோகம் எல்லாம் அதற்குப் பிறகு வந்த சில்லறை.

எழுபத்தெட்டில் அந்தச் சில்லறையும் செல்லாமல் போனது. பங்சாரில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் வீரசிங்கம், யாழ்ப்பாணத்துக் குடும்பம், பறக்கும் கிளப்பில் உறுப்பினர், பந்திங் பக்கத்து எஸ்டேட் ஸ்டோரில் உரமூட்டைகளுக்குப் பின்னால் ஓர் ஆஸ்டரின் எலும்புக்கூட்டைக் கண்டுபிடித்தார். இறக்கைக்குள் எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. லோரியில் ஏற்றி சுங்கைபீசியில் விமானம் நிறுத்தும் ஹங்காருக்குக் கொண்டுவந்தார். ராணுவத்தில் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே அதைத் திரும்ப உண்டாக்கிப் பறக்கவிட வேண்டும் என்று அவருக்கு வெறி. அதே லினன் துணி, அதே பச்சையும் பழுப்புமான பூச்சு, அதே காலத்து ரேடியோ. ரேடியோவுக்கு ஆள் தேடியபோது யாரோ சின்னையாவைக் கைகாட்டினார்கள். கேட்க வேண்டுமா? பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

சிங்கப்பூர் பழைய சாமான் கடையிலிருந்து வந்த அந்தக் கறுப்புப் பெட்டி மூன்று வருடம் பவுனம்மாளின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது. குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. மகள் சீதாலெட்சுமி கட்டிலில் குப்புறப் படுத்துப் பரீட்சைக்குப் படித்தாள். ஈயம் உருகும் புகையில் பவுனம்மாளுக்கு இருமல் வந்தது. அவள் முணுமுணுக்கவில்லை. மனுசன் சாயங்காலம் வீட்டில் இருக்கிறாரே, அதுவே போதும் என்று நினைத்தாள். மேசையைத் துடைக்கும்போது பெட்டியைத் தொடாமல் சுற்றித் துடைக்கவும் பழகிக்கொண்டாள்.

சின்னையாவின் வாயில் எந்நேரமும் ஒரே சொல்தான்: அசல். திருகாணிகூட அந்தக் காலத்துத் திருகாணியாக இருக்க வேண்டும். வால்வுகளுக்கு இங்கிலாந்துக்கு எழுதினார். உள்ளே விரல் பருமனில், மெழுகில் ஊறிய காகிதம் சுற்றிய கண்டன்சர்கள் வரிசையாக இருந்தன. மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற அந்தச் சாமான்தான் இந்தக் கதையைக் கெடுக்கப் போகிறது, ஆகையால் அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மெழுகுக் காகிதம் முப்பது வருடத்தில் ஈரம் குடித்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் சொல்லவே வேண்டாம். மாற்றிவிடலாமே என்று டாக்டரே ஒருநாள் வீட்டுக்கு வந்து சொன்னார்.

"மாத்துனா அது ரேடியோ இல்ல டாக்டர், வேசம்" என்றார் சின்னையா. "ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணியாச்சு லா. கல்லு மாதிரி இருக்கு."

காபி கொண்டுவந்து வைத்த பவுனம்மாளுக்கு இந்தப் பேச்சு ஒன்றும் புரியவில்லை. புரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எண்பத்தொன்றில் எல்லாம் முடிந்தது. கிளப்பின் ஆண்டு விழாவில் விமானத்தை ஊருக்குக் காட்டுவது என்று ஏற்பாடு. அதற்கு முந்தின வாரம் ஆயுத பூசை. பவுனம்மாள் அரிவாள்மணைக்கும் தையல் மெஷினுக்கும் கணவரின் ஸ்குரூடிரைவர்களுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, ரேடியோ முன்னால் நின்றாள்.

"ஏங்க, இதுக்கும் ஒண்ணு வைக்கவா?"

சின்னையா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வையேன். மூடி மேல மட்டும். உள்ள கையக் கிய்ய விட்டுராத."

மூடியின் மேல், சூடு வெளியேற வெட்டியிருந்த கோடுகளுக்குத் தள்ளி, ஒரே ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம். சூடத்தட்டைக்கூட ஒரு முழம் எட்டத்தில்தான் காட்டினாள். அவள் செய்தது இவ்வளவுதான். அதுவும் கேட்டு, சரி என்ற பிறகு செய்தது.

விழா நாளில் மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, மகளோடும், பக்கத்து வீட்டு இராஜம்மாவோடும், ராதாகிருஷ்ணன் டாக்சியில் போனாள். கையில் டிபன் கேரியரில் அவருக்குப் பிடித்த சம்பால் நெத்திலியும் சோறும். ஹங்கார் வாசலில் நாற்காலி போட்டு யார் யாரோ பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். பச்சையும் பழுப்புமாக விமானம் நின்றது. முதலில் ரேடியோவில் பேசிக் காட்டுவது, பிறகு பறப்பது என்று திட்டம். டாக்டர் பழைய ராணுவக் காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே ஏறினார். சின்னையா பின்சீட்டில் குனிந்து சுவிட்சைத் தட்டினார்.

பெட்டி உறுமியது. ஒலிபெருக்கியில் கரகரவென்று சத்தம் வந்தது. டாக்டர் வாயைத் திறந்து அரை வார்த்தை பேசியிருப்பார், உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். மூடிக் கோடுகள் வழியாக வெள்ளைப் புகை எழுந்தது. கருகிய மெழுகு நாற்றம். யாரோ தீயணைப்புக் குப்பியோடு ஓடிவந்து விமானத்துக்குள் நுரையைப் பீய்ச்சினார்கள். டாக்டர் நுரையில் குளித்து இறங்கினார். நாற்காலியில் இருந்த பெரிய மனிதர்களில் ஒருவர் சிரிக்க, மற்றவர்களுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது.

"வாட் ஹேப்பண்ட், சின்னையா?" என்று டாக்டர் எல்லோர் முன்னும் கேட்டார்.

சின்னையா பெட்டியைப் பார்த்தார். காய்ந்துபோன சந்தனப் பொட்டு அவர் கண்ணில் பட்டது. மூன்று வருட உழைப்பு, இத்தனை பேர், இத்தனை கேமரா. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரிந்தவர்களும் சமயத்தில் அதையேதான் சொல்கிறார்கள்.

"வீட்ல பூசை போட்டாங்க டாக்டர்" என்றார். "சந்தனம் ஈரமா உள்ள எறங்கியிருக்கு. ஷார்ட் ஆயிருச்சு."

அத்தனை முகமும் திரும்பிப் பவுனம்மாளைப் பார்த்தது. பட்டுச் சேலையில், டிபன் கேரியரோடு அவள் நின்றாள். யார் முகத்தையும் பார்க்க முடியாமல் கேரியரின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இராஜம்மா அவள் பக்கத்திலிருந்து அரை அடி தள்ளி நின்றாள். வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள், ஆனாலும் தள்ளி நின்றாள்.

சின்னையா சொன்னது ஈரத்தைப் பற்றி. சுங்கைபீசியிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வருவதற்குள் அதிலிருந்த ஈரம் காய்ந்துவிட்டது. பவுனு பொட்டு வைத்தாள், ஏரோப்ளேன் புகைந்தது என்ற மிச்சம்தான் ஊருக்குள் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அடுத்த மாதம் ராதாகிருஷ்ணன் மூன்றாவது டாக்சி வாங்கினான். அது அவள் வாசலில் நிற்காமல் போனது. வேகமாகக்கூடப் போகவில்லை, மெதுவாகத்தான் போனது. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

யாரும் அவளைத் திட்டவில்லை. எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார்கள், இலை போட்டார்கள், தாம்பூலம் கொடுத்தார்கள். சந்தனக் கிண்ணம் மட்டும் அவள் பக்கம் வராமல் சுற்றிப் போனது. அவளும் நம்பினாள். அந்தக் கோடுகளுக்கு அவ்வளவு அருகிலா வைத்தோம், ஒரு சொட்டு வழிந்திருக்குமோ என்று அடுப்படியில் நின்றபடி தன் விரலையே பார்ப்பாள். ஒரு மாதத்துக்குள் சின்னையா ரேடியோவைச் சரிசெய்துவிட்டார், விமானம் பறந்தது, பேப்பரில் படமும் வந்தது. நாம் கெடுத்ததை அவர் சரிக்கட்டிவிட்டார் என்று அவள் கண்ணீர் விட்டாள். நன்றிக் கண்ணீர். பிராயச்சித்தமாக வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தாள். அவள் பட்டினி கிடந்த வெள்ளிக்கிழமைகளில் எதிரே உட்கார்ந்து அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுவருட ஆயுத பூசைக்கு அவள் எதற்கும் பொட்டு வைக்கவில்லை. "நீங்களே வச்சிருங்க" என்று கிண்ணத்தைக் கணவரிடம் நீட்டினாள். அவர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார், ஏதோ சொல்லப் போகிறவர்போல. பிறகு வாங்கிக்கொண்டார்.

எண்பத்தாறில் சீதாலெட்சுமிக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம். நலங்கு வைக்கும்போது பெற்றவள்தான் முதலில் சந்தனமும் மஞ்சளும் பூச வேண்டும். மணையில் உட்கார்ந்திருந்த மகள் கன்னத்தைக் காட்டினாள். பவுனம்மாள் கிண்ணத்தில் விரலை விட்டாள். விரல் நுனியில் சந்தனம் பார்த்ததும் அவளுக்குக் கருகிய மெழுகு நாற்றம் வந்தது. இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"மொதல்ல நீங்க வைங்க சம்பந்திம்மா" என்று பின்னால் நகர்ந்துகொண்டாள்.

சம்பந்தியம்மாள் மறு பேச்சில்லாமல் முன்னால் வந்தாள். எதிர்பார்த்துக்கொண்டே நின்றவள் போலிருந்தது. மகளின் கண் நிறைந்துவிட்டது. தூணோரம் புது வேட்டியில் நின்ற சின்னையா எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு, சமையல்காரரிடம் பாயசம் ஆயிற்றா என்று கேட்கப் போனார்.

தொண்ணூற்றிரண்டில் பவுனம்மாளுக்கு ரத்த அழுத்தம் வந்தது. டாக்டர் வீரசிங்கத்தின் கிளினிக்குக்குத் தனியாகப் போனாள். டாக்டருக்கு முடி வெளுத்திருந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே சிரித்தார்.

"மிஸஸ் சின்னையா, உங்கட சந்தனம் பட்ட ரேடியோ இன்னும் வேலை செய்யுது, தெரியுமோ? கிளப்பில எல்லாரும் அந்தப் பேர்தான் சொல்லுறாங்கள்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சிருங்க டாக்டர். அன்னிக்கி அறியாம செஞ்சுட்டேன்."

"நீங்க என்ன செய்தீங்கள்?" டாக்டருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "அது பழைய கண்டன்சர் வெடிச்சதல்லோ? அடுத்த நாளே சின்னையா அந்தச் சாமானைக் கையில கொண்டுவந்து காட்டினவர். நான்தான் முதலே மாத்தச் சொன்னேன், பிடிவாதக்காரன் கேட்கேல்ல. பிறகு கெட்டிக்காரத்தனமா ஒண்டு செய்தார். பழைய கூட்டைக் குடைஞ்சு, அதுக்குள்ள புதுசை வச்சு, மேல மெழுகை ஊத்திப் போட்டார். வெளியில பார்த்தா அசல்! ஒருத்தருக்கும் தெரியாது." பட்டையைக் கழற்றினார். "சந்தனக் கதை நல்ல ஜோக், அதனால நாங்கள் அப்படியே விட்டிட்டம். உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் டாக்டர்" என்றாள் பவுனம்மாள். வேறு என்ன சொல்வது? பிரஷர் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது என்று அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பங்சாரிலிருந்து பஸ் ஏறாமல் நடந்தே வந்தாள். வழியெல்லாம் ராதாகிருஷ்ணனின் டாக்சியோ இராஜம்மாவோ நினைவில் இல்லை. மணையில் உட்கார்ந்து கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்த மகள்தான் கண்ணில் நின்றாள். தூணோரம் நின்ற புது வேட்டியும்.

சின்னையா மேசையில் எதையோ பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மறுநாளே தெரியுமா உங்களுக்கு?"

எது என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"சொல்லணும்னுதான் இருந்தேன் பவுனு. நாள் ஓடிருச்சு. அப்பறம் சொன்னா ஒரு மாதிரியா இருக்குமேன்னு… சின்ன விசயம்தானே."

"சின்ன விசயம்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். "எம் மகளுக்கு நலங்கு வைக்க எங் கை வரல. நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க."

"நானா வைக்க வேணாம்னு சொன்னேன்? நீயாத்தானே பின்னால போன."

கோபம் வந்தால் கத்துகிறவர்களுக்குப் பாதி பாரம் குறைந்துவிடும். அவளுக்குக் கத்தத் தெரியாது. "மருமவன் கிள்ளான்ல கடை தொறக்குறாரு இல்ல," என்றாள். "அங்க எல்லாரும் இருப்பாங்க. இராஜம்மா வருவா, ராதாகிருஷ்ணன் வருவாரு. அங்க வச்சு சொல்லுங்க. நாலு பேரு முன்னால சொன்னத நாலு பேரு முன்னால திருப்பி எடுங்க. அதுவரைக்கும் என்கிட்டப் பேசாதீங்க."

அவர் பேசிப் பார்த்தார், பிறகு பேசாமல் இருந்து பார்த்தார். சோறு வந்தது, காபி வந்தது, வார்த்தை வரவில்லை. கடைசியில் சரி என்றார். அந்த இரண்டு வாரமும் பவுனம்மாள் வேறு பெண்ணாக இருந்தாள். வருடக்கணக்கில் மூலையில் கிடந்த சந்தனக்கல்லை எடுத்துக் கழுவினாள். மயில்கழுத்துப் பட்டுச் சேலையை வெயிலில் உதறிப் போட்டாள். விரதத்தை விட்டு ஒரு வெள்ளிக்கிழமை நெத்திலி வறுத்துச் சாப்பிட்டாள்.

கிள்ளானில் மருமகனின் மோட்டார் சாமான் கடை புதுப் பெயிண்ட் வாசத்தோடு இருந்தது. வாசலில் தோரணம், உள்ளே கல்லாமேசை மேல் சாமி படம், குத்துவிளக்கு, சந்தனக் கிண்ணம். ஐயர் மந்திரத்தை முடித்து, "யாராச்சும் பெரியவங்க மேசைக்கு மொதப் பொட்டு வைங்க" என்றார். பவுனம்மாள் கணவரைப் பார்த்தாள்.

சின்னையா ஓர் அடி முன்னால் வந்தார். அவருக்கு வியர்த்திருந்தது. அந்த அளவில் அவரைக் குறை சொல்ல முடியாது, சொல்லத்தான் செய்தார்.

"ஒரு விசயம் சொல்லணும். அன்னிக்கி ஏரோப்ளேன் ரேடியோ புகைஞ்சிச்சே, அது இவ வச்ச சந்தனத்தால இல்ல. தப்பு என்னோடது. நான் மாத்தாம விட்ட ஒரு சாமான் வெடிச்சுப் போச்சு. மறுநாளே எனக்குத் தெரியும். பழிய இவ மேல போட்டுட்டு இத்தன வருசம் பேசாம இருந்துட்டேன்."

பவுனம்மாள் பதினோரு வருடமாகக் குனிந்திருந்த தலையை நிமிர்த்தி எல்லோரையும் பார்த்தாள்.

முதலில் வாய் திறந்தது இராஜம்மா. "பாத்தியா," என்றாள் பக்கத்திலிருந்தவளிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பொண்டாட்டி மனசு நோகக்கூடாதுன்னு பழியத் தான் தூக்கிப் போட்டுக்குறாரு."

"இந்தக் காலத்துல யாரு லா இப்பிடி விட்டுக்குடுப்பா?" என்றான் ராதாகிருஷ்ணன். நாலு தலை ஆடியது.

"இல்ல, நெசமாத்தான் சொல்றேன்" என்றார் சின்னையா.

"நீங்க அப்பிடித்தான் சொல்லுவீங்க சம்பந்தி, எங்களுக்குத் தெரியாதா?" சம்பந்தியம்மாள் பவுனம்மாளின் தோளைத் தட்டினாள். "குடுத்து வச்சவங்க நீங்க." பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். பவுனம்மாளின் கை தன்னை அறியாமல் முன்னால் நீண்டது. கிண்ணம் அதைத் தாண்டிப் போய்ச் சின்னையாவின் முன்னால் நின்றது.

"இவ்ளோ நல்ல மனசு உள்ளவரு. நீங்களே மொதப் பொட்டு வைங்க."

எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். சின்னையா மனைவியைப் பார்த்தார். இவரால் வேண்டாம் என்று சொல்ல முடியும், ஒரே ஒரு வார்த்தைதான் என்று அவள் நினைத்தாள். கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. மருமகன் கைகட்டி நின்றான். நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினார்.

அவர் கிண்ணத்தில் விரலைத் தொட்டு மேசையில் பொட்டு வைத்தார்.

பவுனம்மாள் நீட்டிய கையை மடக்கி, சேலையில் துடைத்துக்கொண்டாள். அதில் சந்தனம் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.